இரண்டு செனட்டர்களும் ஒரு பெருவிரலும்

கொழும்பு நாளிதழ் ஒன்றில் நீண்ட காலமாக வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைத் தயாரித்து வந்தவன் என்ற முறையில், நான் பிரசுரித்த செய்திகளுக்காகப் பலர் என்னுடன் சண்டை பிடித்திருக்கிறார்கள். பிரசுரிக்காமல் விட்ட ஒரு செய்திக்காகச் சண்டை பிடித்தவர் ஒரேயொருவர்தான். எண்பதுகளின் ஆரம்பத்தில் எங்கள் ஆசிரிய பீடத்துக்கு அடுத்த அறையில் ஒப்புநோக்காளராக இருந்தவர் அவர். நாடு இருந்த நிலைமையில் பலரைப் போன்று அவரும் புறப்பட்டு, பல நாடுகளைச் சுற்றி, இறுதியில் அமெரிக்காவின் தென் மாநிலமொன்றில் குடியேறி, மனைவியுடன் சேர்ந்து ஒரு சிறிய அச்சகத்தை நடத்தி வந்தார். ஊழியர் என்று வேறு எவரும் இல்லை.

2017 ஒக்டோபர் கடைசி வாரத்தில் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. சுகம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே கேட்டார்:

"என்ன ஐசே, மெக்கெய்ன்ரை பெருவிரலை நாலு பத்தியிலை போட்டீர். இந்த ரெண்டு பேரும் கூடியிருந்து செய்த வேலைக்கு உம்மடை பக்கத்திலை நாலு வரி இடமில்லையோ?"

எந்த இரண்டு பேர் என்று உடனடியாக எனக்கு விளங்கவில்லை. அதை மறைத்துச் சமாளிக்க முயன்றேன். ஒப்புநோக்காளர்களிடம் அது பலிக்காது.

அவர் குறிப்பிட்ட பெருவிரல் எது என்பது பலருக்கு நினைவிருக்கும். 2017 ஜூலை 28 ஆம் திகதி, வொஷிங்டனில் அதிகாலை ஒன்றரை மணி. கொழும்பில் முற்பகல் பதினொரு மணி. பராக் ஒபாமாவின் சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தின் முக்கிய பகுதிகளை அகற்றுவதற்காகக் குடியரசுக் கட்சித் தலைமை கொண்டு வந்த கடைசி முயற்சி செனட் சபையில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டிருந்தது. மூளைப் புற்றுநோய் கண்டறியப்பட்டு ஒன்றிரண்டு வாரங்களே ஆகியிருந்த அரிசோனா செனட்டர் ஜோன் மெக்கெய்ன் சபையின் நடுவே வந்து நின்று, கையை நீட்டி, பெருவிரலைக் கீழ்நோக்கித் திருப்பினார். சூசன் கொலின்ஸ், லீசா முர்கோவ்ஸ்கி ஆகிய இருவரும் அவருடன் சேர்ந்து தமது சொந்தக் கட்சிக்கு எதிராக வாக்களித்தனர். 49 க்கு 51 என்ற கணக்கில் முயற்சி தோற்றது. தொலைக்காட்சிப் பதிவிலிருந்து எடுக்கப்பட்ட மங்கலான படத்தை நான்கு பத்தியில் போட்டு, அதற்குக் கீழே செய்தியை எழுதினேன். நல்ல பக்கம் என்று ஆசிரியர் பாராட்டினார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கு நான்கு நாட்களின் பின்னர், ஓகஸ்ட் முதலாம் திகதி, ஒரு சிறிய செய்தி வந்தது. செனட் சபையின் சுகாதாரக் குழுத் தலைவரான டெனசி மாநிலக் குடியரசுக் கட்சி செனட்டர் லமார் அலெக்சாண்டர், காப்புறுதிச் சந்தையை நிலைப்படுத்துவது குறித்து செப்டெம்பரில் விசாரணை அமர்வுகளை நடத்தப் போவதாகவும், அதே குழுவின் ஜனநாயகக் கட்சித் தலைமை உறுப்பினரான வொஷிங்டன் மாநில செனட்டர் பெற்றி மரேயுடன் இணைந்து செயற்பட விரும்புவதாகவும் அறிவித்திருந்தார். குழு, விசாரணை, சந்தை, நிலைப்படுத்தல் என்று தூக்கத்தை வரவழைக்கும் சொற்கள் ஒரே வாக்கியத்தில் நின்றன. அதைத் தள்ளிவிட்டு அடுத்த செய்திக்குப் போனேன்.

நண்பர் பேசிய இரண்டு பேர் இவர்கள்தான்.

அரசாங்க வைத்தியசாலைக்குப் போய்த் துண்டை நீட்டினால் வைத்தியரையும் பார்த்து மருந்தையும் பெற்றுத் திரும்பலாம் என்ற நாட்டில் வளர்ந்தவர்களுக்கும், பிரிட்டனிலோ கனடாவிலோ குடியேறி அங்குள்ள பொதுச் சுகாதார முறைக்குப் பழகிவிட்டவர்களுக்கும் அமெரிக்கக் காப்புறுதி விவகாரம் இலகுவில் விளங்குவதில்லை. அங்கு பெரும்பாலானோருக்குத் தொழில் வழங்குநர் மூலமே காப்புறுதி கிடைக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு மெடிகெயார் என்ற அரசாங்கத் திட்டம் உண்டு. வறியவர்களுக்கு மெடிகெய்ட் உண்டு. இவை எவற்றிலும் அடங்காமல், என் நண்பரைப் போன்று சொந்தத் தொழில் செய்வோர், தாமாகவே சந்தையில் காப்புறுதியை வாங்கிக்கொள்ள வேண்டும். 2010 மார்ச் 23 ஆம் திகதி கையெழுத்தான ஒபாமாவின் சட்டம் இந்தச் சந்தையைத்தான் சீர்திருத்த முனைந்தது. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்பதற்காக எவரையும் நிராகரிக்கக்கூடாது, அதற்காகக் கூடுதல் பணம் அறவிடவும் கூடாது என்றது. குறைந்த வருமானமுடையோருக்கு இரண்டு விதமான உதவிகளை ஏற்பாடு செய்தது.

முதலாவது, மாதாந்தத் தவணைப்பணத்தைக் குறைப்பதற்கான வரிச் சலுகை. வறுமைக் கோட்டின் நான்கு மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்கு அது உரியது. இரண்டாவது, நோய் வந்து வைத்தியரிடம் போகும்போது நோயாளி தன் கையிலிருந்து செலுத்த வேண்டிய தொகையைக் குறைப்பது. இது வறுமைக் கோட்டின் இரண்டரை மடங்குக்கு உட்பட்டவர்களுக்கு, அதுவும் 'வெள்ளி' என்று பெயரிடப்பட்ட நடுத்தரத் திட்டத்தை வாங்கினால் மாத்திரம் கிடைக்கும். காப்புறுதி நிறுவனம் அந்தத் தொகையை நோயாளிக்குக் குறைத்துக் கொடுத்தாக வேண்டும். அரசாங்கம் அதை நிறுவனத்துக்குத் திருப்பிச் செலுத்தும் என்பது ஏற்பாடு.

சிக்கல் இந்த இரண்டாவது உதவியிலேயே ஆரம்பித்தது. திருப்பிச் செலுத்த வேண்டும் என்று எழுதிய சட்டம், அதற்கான நிதியை ஒதுக்குவதாகத் தெளிவாக எழுதவில்லை. ஆயிரம் பக்கங்களுக்குக் கிட்டிய ஒரு சட்டத்தில் ஒரு வாக்கியம் விடுபட்டுவிட்டது. (இதை நண்பருக்கு நான் சொன்னபோது, "அங்கை ஒரு நல்ல ஒப்புநோக்காளன் இருந்திருக்க வேணும்" என்றார்.) ஒபாமா நிர்வாகம் நிதி ஒதுக்கீடு இருப்பதாகவே கருதிப் பணத்தைக் கொடுத்து வந்தது. 2014 இல் குடியரசுக் கட்சியின் ஆதிக்கத்திலிருந்த பிரதிநிதிகள் சபை வழக்குத் தொடுத்தது. காங்கிரஸ் ஒதுக்காத பணத்தை நிர்வாகம் செலவிட முடியாது என்று 2016 மே மாதத்தில் நீதிபதி ரோஸ்மேரி கொலியர் தீர்ப்பளித்தார். மேன்முறையீடு முடியும் வரை தீர்ப்பின் அமுலாக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த நிலையில்தான் 2017 ஜனவரியில் டொனால்ட் ட்ரம்ப் ஜனாதிபதியானார். ஏறக்குறைய ஆறு மில்லியன் மக்களுக்கான அந்தக் கொடுப்பனவு, வருடமொன்றுக்குச் சுமார் 7 பில்லியன் டொலர், மாதத்துக்கு மாதம் அவர் விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் நிறுத்தலாம் என்ற நிலைமைக்கு வந்தது.

அடுத்த மாதம் பணம் வருமா என்று தெரியாத நிறுவனம் அடுத்த வருடத்துக்கான விலையை எப்படி நிர்ணயிக்கும்? இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, விலையைக் கூட்டி வைத்துக்கொள்வது. மற்றையது, சந்தையை விட்டே வெளியேறுவது. இரண்டும் நடந்தன. அலெக்சாண்டரின் சொந்த மாநிலத்தில், அவர் பிறந்து வளர்ந்த மேரிவில் நகருக்கு அண்மையிலுள்ள நொக்ஸ்வில்லைச் சுற்றிய 16 கவுண்டிகளில் 2018 ஆம் ஆண்டுக்குக் காப்புறுதி விற்க எந்தவொரு நிறுவனமும் இல்லாத நிலை சில மாதங்கள் நீடித்தது. பின்னர் ஒரு நிறுவனம் முன்வந்து அந்த வெற்றிடத்தை நிரப்பியது. அரசாங்கம் சலுகைப் பணத்தைக் கொடுத்தாலும் அதைக் கொண்டு வாங்குவதற்குப் பொருள் இல்லை என்ற விசித்திரம் தன் வாசலிலேயே வந்து நின்றதைக் கண்ட பின்னர்தான் அலெக்சாண்டர் இந்த வேலையில் இறங்கினார். அவர் ஒபாமாவின் சட்டத்தை ஆதரித்தவர் அல்லர். அதை அகற்றும் முயற்சிகள் பலவற்றுக்கு, ஜூலை 28 அதிகாலை வாக்கெடுப்பு உட்பட, ஆதரவாக வாக்களித்தவர்.

பெற்றி மரே அதற்கு நேர் எதிரானவர். பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்து அரசியலுக்கு வந்து, 1993 முதல் செனட் சபையில் இருப்பவர். ஆயினும் இருவரும் ஏற்கெனவே ஒன்றாக வேலை செய்து பழகியவர்கள். பாடசாலைகள் தொடர்பாக ஜோர்ஜ் புஷ் காலத்தில் வந்து பலராலும் சபிக்கப்பட்ட சட்டத்துக்குப் பதிலாக, 2015 டிசம்பரில் 85 க்கு 12 என்ற வாக்குகளால் செனட் சபையில் புதிய கல்விச் சட்டத்தை நிறைவேற்ற வழிசெய்தவர்கள் இந்த இருவருமே. ஒருவரையொருவர் நம்பலாம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அரசியலில் இதற்கு எந்த நிறுவனமும் காப்புறுதி விற்பதில்லை.

செப்டெம்பர் 6, 7, 12, 14 ஆகிய திகதிகளில் நான்கு அமர்வுகள் நடந்தன. முதல் நாள் மாநிலங்களின் காப்புறுதி ஆணையாளர்கள் வந்தனர். இரண்டாம் நாள் ஐந்து ஆளுநர்கள் வந்தனர். மூவர் குடியரசுக் கட்சியினர், இருவர் ஜனநாயகக் கட்சியினர். அவர்கள் சொன்னவற்றைப் பெயரை மறைத்துவிட்டு வாசித்தால் எவர் எந்தக் கட்சி என்று கண்டுபிடிப்பது கடினம். கொடுப்பனவை ஒரு வருடத்துக்கு அல்ல, அதற்கு மேலாக உறுதிப்படுத்துங்கள். மாநிலங்களின் கையைக் கட்டிப்போடாதீர்கள் என்பதே பொதுவான வேண்டுகோளாக இருந்தது. அமர்வு தொடங்குவதற்கு முன்னர் சாட்சிகளுடன் கோப்பி அருந்திப் பேசுவதற்குக் குழுவில் இல்லாத ஏனைய செனட்டர்களும் அழைக்கப்பட்டிருந்தனர். பெருந்தொகையானோர் வந்திருந்தனர் என்பது, தொலைக்காட்சிக் கமராக்கள் இல்லாத இடத்தில் அரசியல்வாதிகள் வேறு மனிதர்களாக இருக்கிறார்கள் என்ற எனது பழைய சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது.

அலாஸ்காவின் ஆணையாளர் சொன்னது முக்கியமானது. அந்த மாநிலத்தில் ஒரேயொரு நிறுவனமே எஞ்சியிருந்தது. 2017 இல் தவணைப்பணம் 40 வீதத்துக்கு மேல் உயரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மாநில அரசாங்கம் 55 மில்லியன் டொலரை ஒதுக்கி, மிகக் கடுமையான நோயாளிகளின் செலவை மாத்திரம் தனியாக ஏற்றுக்கொண்டது. மீள்காப்புறுதி என்று இதற்குப் பெயர். உயர்வு 7 வீதமளவில் நின்றுவிட்டது. விலை உயர்வதற்குக் காரணம் எல்லா நோயாளிகளும் அல்லர், மிகச் சிலரே; அந்தச் சிலரின் சுமையைப் பொதுவில் ஏற்றுக்கொண்டால் மற்றவர்கள் தப்பலாம் என்பதை ஒரு குளிர்ப்பிரதேச மாநிலம் செய்து காட்டியிருந்தது.

இதற்கிடையில் கொடுப்பனவை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதைக் காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தது. அந்தக் கணக்கை நான் பின்னர்தான் வாசித்தேன். நாற்பது வருடங்களாக வரவுசெலவுத் திட்டங்களை வாசித்தவனுக்கும் அது தலைசுற்றலைத் தந்தது. அரசாங்கம் பணத்தை நிறுத்தினாலும் நோயாளிக்குச் செலவைக் குறைத்துக் கொடுக்கும் கடமையிலிருந்து நிறுவனம் விடுபடாது. ஆகவே அது அந்த நட்டத்தை வெள்ளித் திட்டத்தின் தவணைப்பணத்தில் ஏற்றும். முதலாவது உதவியான வரிச் சலுகையோ வெள்ளித் திட்டத்தின் விலையை அளவுகோலாகக் கொண்டே கணிக்கப்படுகிறது. வெள்ளியின் விலை உயர்ந்தால் சலுகையும் உயரும். சலுகைக்கு உரிய மக்களின் எண்ணிக்கையோ மிகப் பெரியது. எனவே திறைசேரி ஒரு கையால் வருடம் 7 பில்லியனை மிச்சம் பிடித்து, மறுகையால் அதைவிடப் பன்மடங்கைக் கொடுக்கும். 2017 முதல் 2026 வரையான காலத்தில் பற்றாக்குறை 194 பில்லியன் டொலரால் அதிகரிக்கும் என்று அலுவலகம் கூறியது. செலவைக் குறைப்பதற்காகச் செலவைக் கூட்டுவது என்பது இதுதான்.

அந்தச் சலுகை எவருக்கெல்லாம் உண்டோ அவர்களுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. சிலருக்கு இலாபமும் உண்டு. சலுகைக் கோட்டுக்கு ஒரு டொலர் மேலே நிற்பவர்தான் முழு உயர்வையும் சுமக்க வேண்டும். 2018 ஆம் ஆண்டுக்கான காப்புறுதியைப் பொறுத்தவரையில், இருவர் கொண்ட குடும்பத்துக்கு அந்தக் கோடு 64,960 டொலர். என் நண்பரும் மனைவியும் அச்சகத்தில் உழைத்தது அதைவிடச் சில ஆயிரம் டொலர் அதிகம்.

செப்டெம்பர் நடுப்பகுதியில் இருவரும் உடன்பாட்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது, செனட்டர்கள் லின்ட்சி கிரஹாம், பில் கசிடி ஆகியோர் ஒபாமாவின் சட்டத்தை அகற்றுவதற்கான இன்னொரு சட்டமூலத்துடன் வந்தனர். கட்சித் தலைமை அதன் பின்னால் ஓடியது. 19 ஆம் திகதி அலெக்சாண்டர் பேச்சுக்களை நிறுத்திக்கொண்டார். மெக்கெய்ன் மீண்டும் மறுத்தார்; 26 ஆம் திகதி அந்த முயற்சியும் கைவிடப்பட்டது. பேச்சுக்கள் மீண்டும் தொடங்கின. ஒக்டோபர் 12 ஆம் திகதி இரவு, கொடுப்பனவை நிறுத்துவதாக ட்ரம்ப் நிர்வாகம் அறிவித்தது. அதாவது, எதைக் காப்பாற்றுவதற்காக இருவரும் பேசிக்கொண்டிருந்தார்களோ அது அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்டப்பட்டுவிட்டது. ஐந்து நாட்களில், ஒக்டோபர் 17 ஆம் திகதி, அவர்கள் உடன்பாட்டை அறிவித்தனர்.

கொடுப்பனவை இரண்டு வருடங்களுக்குச் சட்டபூர்வமாக உறுதிப்படுத்துவது. காப்புறுதியில் சேருமாறு மக்களுக்கு அறிவூட்டுவதற்கு, ட்ரம்ப் நிர்வாகம் 10 மில்லியனாக வெட்டியிருந்த விளம்பரச் செலவுக்குப் பதிலாக வருடத்துக்கு 100 மில்லியன் டொலருக்குச் சற்று அதிகமாக ஒதுக்குவது - இவை மரே பெற்றவை. மாநிலங்கள் அலாஸ்காவைப் போன்ற ஏற்பாடுகளைச் செய்துகொள்வதற்கான அனுமதியை விரைவாகவும் இலகுவாகவும் வழங்குவது. 30 வயதைத் தாண்டியவர்களும் பெருநோய்களுக்கு மாத்திரமான மலிவுத் திட்டத்தை வாங்க இடமளிப்பது - இவை அலெக்சாண்டர் பெற்றவை. முன்னரே நோயுள்ளவர்களுக்கான பாதுகாப்பில் கை வைப்பதில்லை என்பதில் இருவரும் உடன்பட்டனர். இருவருக்கும் முழுத் திருப்தி இல்லை. பேரம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

இரண்டு நாட்களின் பின்னர் சட்டமூலம் முன்வைக்கப்பட்டபோது அதில் 24 பேர் கையெழுத்திட்டிருந்தனர். குடியரசுக் கட்சியினர் 12 பேர். மறுபக்கத்தில், அவர்களுடன் அமரும் சுயேச்சை உறுப்பினர் அங்கஸ் கிங் உட்பட, 12 பேர். மெக்கெய்ன் இருந்தார். கொலின்ஸும் முர்கோவ்ஸ்கியும் இருந்தனர். ஒரு மாதத்துக்கு முன்னர் இதே பேச்சுக்களைக் குழப்பிய கிரஹாமும் கசிடியும் இருந்தனர்! ஜனநாயகக் கட்சித் தரப்பின் 48 பேரும் ஆதரிப்பார்கள் என்று அதன் தலைவர் சக் ஷூமர் அறிவித்தார். 48 உடன் 12 ஐக் கூட்டினால் 60. செனட் சபையில் தடையின்றி ஒரு சட்டமூலத்தை நகர்த்துவதற்கு வேண்டிய எண்ணிக்கை அதுவே. ஒக்டோபர் 25 ஆம் திகதி வரவுசெலவு அலுவலகம், இதனால் பத்து வருடங்களில் பற்றாக்குறை 3.8 பில்லியன் டொலரால் குறையும் என்றும் கூறிவிட்டது.

அது வாக்கெடுப்புக்கு விடப்படவே இல்லை.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உடன்பாடு அறிவிக்கப்பட்ட அன்று அதைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன ஜனாதிபதி, மறுநாள் காலையில் அது காப்புறுதி நிறுவனங்களுக்கு அள்ளிக்கொடுக்கும் வேலை என்றும் தன்னால் ஆதரிக்க முடியாது என்றும் டுவிட்டரில் எழுதினார். ஜனாதிபதி கையெழுத்திடுவார் என்றால் சபைக்குக் கொண்டு வருகிறேன் என்றார் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மிச் மெக்கோனல். ஒருவர் கதவைச் சாத்தினார். மற்றவர் கதவு சாத்தியிருக்கிறதே என்று திண்ணையில் இருந்துவிட்டார். அறுபது பேர் வெளியே நின்றனர்.

டிசம்பரில் வரிச் சட்டத்துக்கு ஆதரவளிப்பதற்குப் பதிலாக, இந்தச் சட்டமூலத்தையும் மீள்காப்புறுதிக்கான இன்னொன்றையும் நிறைவேற்றித் தருவதாக மெக்கோனலிடம் கொலின்ஸ் வாக்குறுதி பெற்றார். அவர் வாக்களித்தார், வரிச் சட்டம் நிறைவேறியது. காப்புறுதி எடுக்காதவர்களுக்கான தண்டப்பணத்தை 2019 முதல் பூச்சியமாக்கும் ஏற்பாடும் அதிலேயே இருந்தது. வாக்குறுதியோ நிறைவேறவில்லை.

இங்கே ஒரு பக்கத்தை மாத்திரம் குறை கூறிவிட்டுப் போவது எனக்கு வசதியானது, ஆனால் நேர்மையாகாது. 2018 மார்ச்சில் அலெக்சாண்டரும் கொலின்ஸும் மூன்று வருடக் கொடுப்பனவும் வருடம் 10 பில்லியன் டொலர் மீள்காப்புறுதி நிதியும் கொண்ட பெரிய திட்டத்துடன் திரும்பி வந்தனர். அதை எதிர்த்து எழுந்து நின்றவர் பெற்றி மரே. அவர் சொன்ன காரணங்கள் உண்மையானவை. கருக்கலைப்புத் தொடர்பான கட்டுப்பாடு ஒன்றைக் குடியரசுக் கட்சியினர் புதிதாக அதில் செருகியிருந்தனர். ஆனால் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. நிறுவனங்கள் நட்டத்தை வெள்ளித் திட்டத்தில் ஏற்றியதால் சலுகை பெருகி, பல இடங்களில் வறியவர்கள் மலிவான வெண்கலத் திட்டத்தை இலவசமாகவே வாங்கக்கூடியதாகிவிட்டது. கொடுப்பனவை மீளக் கொடுத்தால் அந்தச் சலுகை சுருங்கிவிடும். ஐந்து மாதங்களுக்கு முன்னர் காப்பாற்ற வேண்டியதாக இருந்த ஒன்று இப்பொழுது காப்பாற்றாமல் விடுவதே நல்லது என்றாகிவிட்டது. ஜனநாயகக் கட்சியினரின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் சலுகைக் கோட்டுக்கு மேலே நிற்பவர்களுக்கு ஒரு நிரலே இருக்கவில்லை.

நண்பரின் மாநிலம், நட்டத்தை வெள்ளித் திட்டத்தில் மாத்திரமன்றி எல்லாத் திட்டங்களிலும் பரப்ப அனுமதித்த சில மாநிலங்களில் ஒன்று. ஆகவே வெண்கலத்துக்கு இறங்கியும் அவரால் தப்ப முடியவில்லை. இருவருக்குமாக மாதம் 2,000 டொலருக்கு மேல் கேட்டார்கள். அச்சகத்தின் வாடகை அதைவிடக் குறைவு. வேலையைக் குறைத்து வருமானத்தைக் கோட்டுக்குக் கீழே கொண்டு வந்தால் பெரும் சலுகை கிடைக்கும் என்று அவருடைய கணக்காளர் ஆலோசனை கூறினார். "குறைய உழைச்சால் கூட மிச்சம் எண்டு சொல்லுற நாட்டிலை இருக்கிறன் ஐசே" என்று சிரித்தார். கிடைக்கின்ற வேலையை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நிரந்தர வாடிக்கையாளர் போய்விட்டால் திரும்பி வரமாட்டார் என்றார். கடைசியில், நீரிழிவு நோயாளியான மனைவிக்கு மாத்திரம் காப்புறுதியை வைத்துக்கொண்டு தன்னுடையதை விட்டுவிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 61.

மாநிலங்களில் அதே காலத்தில் வேறு விதமாகவும் நடந்தது. 2018 இல் மேரிலாந்தில், குடியரசுக் கட்சி ஆளுநர் லரி ஹோகனும் ஜனநாயகக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த சட்டசபையும் சேர்ந்து மீள்காப்புறுதித் திட்டத்தை நிறைவேற்றினர். 30 வீதம் உயரவிருந்த தவணைப்பணம் 2019 இல் சராசரியாக 13 வீதம் இறங்கியது. மினசோட்டா, ஒரிகன், மெயின், விஸ்கொன்சின், நியூ ஜேர்சி என்று நிறம் பாராமல் மாநிலங்கள் இந்த வழியில் சென்றன. இவற்றுள் ஒன்றைக்கூட நான் செய்தியாகப் பிரசுரித்த நினைவில்லை. என் நண்பரின் மாநிலம் அந்த வழியில் செல்லவில்லை.

2019 இல் ஓர் இரவு அவருக்கு நெஞ்சு நொந்தது. மனைவியை எழுப்பவில்லை. அம்புலன்ஸை அழைத்தால் எத்தனை ஆயிரம், வைத்தியசாலையில் ஒரு நாள் வைத்திருந்தால் எத்தனை ஆயிரம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு, விடியும் வரை சமையலறைக் கதிரையில் இருந்திருக்கிறார். காலையில் நோ குறைந்தது. வாயுக்குத்து என்று தீர்மானித்துக்கொண்டு அச்சகத்தைத் திறக்கப் போய்விட்டார். இதை அவர் அப்பொழுது எனக்குச் சொல்லவில்லை, எவருக்குமே சொல்லவில்லை.

2021 பெப்ரவரியில் 65 வயது நிரம்பி மெடிகெயார் அட்டை கிடைத்தது. சிவப்பு, வெள்ளை, நீலக் கோடுகள் போட்ட அந்த அட்டையின் படத்தை, இலக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டு, எனக்கு அனுப்பியிருந்தார். அதற்கு அடுத்த மாதம்தான் ஜோ பைடன் கையெழுத்திட்ட சட்டமொன்று அந்த நான்கு மடங்குக் கோட்டைத் தற்காலிகமாக அகற்றியது. அவருக்கு அதனால் பயனில்லை; அவரை விட மூன்று வயது இளையவரான மனைவிக்குப் பயன் கிடைத்தது. மெடிகெயாரில் செய்த முதலாவது பரிசோதனையில் இருதயத்தின் மின்வரைபடத்தைப் பார்த்த வைத்தியர், "உங்களுக்கு மாரடைப்பு வந்தது எப்பொழுது?" என்று கேட்டாராம். வரவில்லை என்றிருக்கிறார். வந்திருக்கிறது, இருதயத் தசையில் ஒரு பகுதி ஏற்கெனவே இறந்துவிட்டது என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் அந்தச் சமையலறைக் கதிரை அவரது நினைவுக்கு வந்தது.

லமார் அலெக்சாண்டர் 2021 ஜனவரியில் செனட் சபையிலிருந்து ஓய்வு பெற்றார். பைடன் காலத்துச் சலுகை நீடிப்புகள் இரண்டும் ஒரே கட்சியின் வாக்குகளால் நிறைவேறியவை. 2025 இறுதியில் அவை காலாவதியாகின. அவற்றை நீடிப்பது தொடர்பான சர்ச்சையில், 2025 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து 43 நாட்கள் அமெரிக்க அரசாங்கத்தின் பெரும் பகுதி மூடிக்கிடந்தது. அதுவரை நிகழ்ந்த முடக்கங்களுள் மிக நீண்டது அது. அரசாங்கம் திறந்தபோதும் சலுகை நீடிக்கப்பட்டிருக்கவில்லை. 2026 ஜனவரி முதலாம் திகதி அந்தக் கோடு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அதே 2025 இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய ஒரு சட்டமூலத்தில், எட்டு வருடங்களுக்கு முன்னர் நிறுத்தப்பட்ட அந்தக் கொடுப்பனவுக்கு நிதி ஒதுக்கும் வாசகமும் இருந்தது. அதனுடன் கருக்கலைப்புத் தொடர்பான நிபந்தனையும் இருந்தது. இறுதிச் சட்டத்தில் இரண்டும் இருக்கவில்லை. நாற்பத்துமூன்று நாள் முடக்கத்தை உலகப் பத்திரிகைகள் எல்லாம் முன்பக்கத்தில் போட்டன. நான் அப்பொழுது வேலையில் இருந்திருந்தால் நானும் போட்டிருப்பேன்.

2017 ஒக்டோபர் 18, 19 ஆம் திகதிகளின் பக்கங்களை அண்மையில் தேடி எடுத்துப் பார்த்தேன். சிரியாவின் ரக்கா நகரம் ஐ.எஸ். இயக்கத்திடமிருந்து மீட்கப்பட்ட செய்தி தலைப்பாக இருக்கிறது. அது சரியானதே. அதற்குக் கீழே ஹொலிவூட் தயாரிப்பாளர் ஒருவரின் விவகாரம் மூன்று பத்தியில் இருக்கிறது. வலது கீழ் மூலையில், இடத்தை நிரப்புவதற்காக, ஒரு மிருகக்காட்சிச்சாலையில் பாண்டாக் குட்டி பிறந்த செய்தி எட்டு வரியில் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை வெளியிடுவதற்கு முன்னர் நண்பருக்கு அனுப்பி, தன்னைப் பற்றி எழுதியிருப்பதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன். ஆட்சேபம் இல்லை என்றார். மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருந்தார். ஒரு திகதியையும் மாற்றியிருந்தார். 'ஒரு இரவு' என்று நான் எழுதியிருந்ததை 'ஓர் இரவு' என்று ஆக்கியிருந்தார்.